புறமுதுகு இழிவா?

கத்தியை உருவிக்கொண்டு ஒருவன் வருகிறான். எதிரே நிற்கும் இளைஞனின் கையில் ஏதுமில்லை. ஓடுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு குரல், "ஆண்மகன் ஓடுவதா? தமிழன் புறமுதுகு காட்டுவதா?" என்று ஏளனம் செய்கிறது. கால் தயங்குகிறது. அந்த ஒரு நொடித் தயக்கத்திலே கத்தி தன் வேலையை முடித்துவிடுகிறது. அந்தக் குரல் யாருடையது? அதற்கு உயிரைக் காணிக்கையாக்கத்தான் வேண்டுமா? அறிவைத் துணைக்கொண்டு இதை ஆராய்வோம், தோழர்களே!

தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் இளைஞர்கள் சிலம்பமும் கராத்தேயும் பயில்கிறார்கள். பெண்களும் பயில்கிறார்கள். அடுப்படிக்கு அப்பால் கை நீளக் கூடாது என்றிருந்த நாட்டில் பெண்ணின் கையிலே கோல் சுழல்வது கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் கை கால் வீசக் கற்பது பாதிக் கல்விதான். எப்போது விலகுவது, எப்போது நிற்பது, யாருக்காக நிற்பது என்ற தெளிவே மறுபாதி. அந்த மறுபாதியைத் தற்காப்புக் கலை மட்டும் கற்றுத்தந்துவிடாது. அதை அறமும் அறிவும் கூடித்தான் தர வேண்டும்.

வெண்ணிப் போர்க்களத்திலே கரிகாலன் எறிந்த வேல், சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகிலும் புண்ணாக்கிற்று. முதுகிலே புண் பட்டதே என நாணி, அம்மன்னன் வடக்கிருந்து உயிர் நீத்தான். மகன் புறங்காட்டி மாண்டான் எனக் கேட்டுக் கொதித்து, களத்திலே கிடந்த பிணங்களைப் புரட்டிப் பார்த்த முதிய தாயையும் புறநானூறு காட்டுகிறது. இவை மேடைதோறும் முழங்கக் கேட்டிருக்கிறோம், மெய்சிலிர்த்திருக்கிறோம்.

அந்தப் பாடல்களின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் களம் எது, இந்தக் களம் எது? அங்கே முரசு அறைந்தனர், இருபுறமும் படை நின்றது, வேலை ஏந்தியவன் எதிரியும் வேலேந்தி வருவான் என அறிந்தே சென்றான். இங்கே, வேலைக்குச் செல்ல மின்ரயிலை எதிர்நோக்கி நிற்பவர் எந்தப் போருக்கு ஒப்பினார்? யார் முரசு அறைந்தார்? போருக்கு வகுத்த இலக்கணத்தைப் படுகொலைக்குப் பொருத்துவது, புலமை போலத் தோன்றும் மடமை!

கத்தியின் இயல்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரக் காவல் அதிகாரி டென்னிஸ் டூலர், 1983இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குக் காட்டினார். கத்தியேந்தி ஓடிவருபவன் 21 அடித் தொலைவை ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். இடுப்பிலே துப்பாக்கி செருகியிருக்கும் காவலர் அதை உருவிச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகிவிடும். துப்பாக்கி உள்ளவர் நிலையே இது என்றால், வெறுங்கையினர் நிலை என்ன? திரைப்படத்திலே வில்லன் கத்தியை ஒருமுறை ஓங்குவான், கதாநாயகன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவான், கத்தி கீழே விழும், நாம் கைதட்டுவோம். மெய்யான தாக்குதலில் கத்தி ஓங்கிய நிலையில் காத்திருப்பதில்லை. ஒரு கை சட்டையைப் பற்றும். மறுகை அடுத்தடுத்துக் குத்தும். பல ஆண்டு பயின்றவரும் அங்கே வெட்டுப்படுவார்.

ஆகவே முதற்பாடம் தொலைவு. நமது சிலம்பம் சொல்வதும் இதைத்தானே! நீண்ட கோலின் பயன், எதிரியை எட்ட நிறுத்துவது. கோல் இல்லையா? குடையும் கைப்பையும் நாற்காலியும் இடையே நிற்கட்டும். கூச்சலிடுக, வழி இருந்தால் ஓடுக. வழியே இல்லாது பிடிபட்டால், கழுத்தையும் மார்பையும் வயிற்றையும் காத்து, கத்தியேந்திய கையை இரு கைகளாலும் இறுகப் பற்றுக. வாய்ப்புக் கிடைத்த கணமே விலகுக. காயம் பட்டவருக்குத் துணியை மடித்து இரத்தம் வருமிடத்தில் அழுத்திப் பிடியுங்கள், உடலிலே செருகி நிற்கும் கத்தியைப் பிடுங்காதீர், 108ஐ அழையுங்கள். இவற்றிலே வீரத்துக்கு இழுக்கு எங்கே இருக்கிறது? தப்பிய உயிர்தான் நாளை சாட்சி சொல்லும், தன் வீட்டைக் காக்கும், நாட்டுக்கு உழைக்கும்.

"எல்லோரும் ஓடிவிட்டால் கத்திதானே தெருவை ஆளும்?" எனக் கேட்பர். நியாயமான கேள்வி. ஓடும் உரிமை தாக்கப்படுபவருடையது. சுற்றி நிற்பவருக்கு அந்த உரிமை முழுதாக உண்டா என்பதே அடுத்து நாம் காண வேண்டியது.

2016 ஜூன் 24. கடற்கரை – தாம்பரம் பாதையிலே நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். விடிந்து சில நாழிகை. தென்புறநகரத்துப் பணியிடத்துக்குச் செல்லக் காத்திருந்த மென்பொருள் பொறியாளரான இளம்பெண் நடைமேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவன் நடந்தும் ஓடியும் தப்பினான். நிலையத்திலே கண்காணிப்புப் படக்கருவி இல்லை. அந்தப் பெண்ணின் உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடைமேடையில் கிடந்தது. அதைக் கடந்து ரயில்கள் வந்தன, போயின. அந்த இரண்டு மணி நேரத்திற்கு யார் பொறுப்பு? அரசா, ரயில்வேயா, நாமா?

மக்களைக் கோழைகள் எனத் தூற்றிவிட்டுப் போவது எளிது. 1964இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது 38 பேர் வாளா பார்த்திருந்தனர் என 'நியூயார்க் டைம்ஸ்' எழுதிற்று, உலகம் நம்பிற்று. அச்செய்தி பிழைபட்டது என 2016இல் அவ்விதழே ஒப்புக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் படக்கருவிகளில் பதிவான 219 தெருச்சச்சரவுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பத்தில் ஒன்பது நிகழ்ச்சிகளில் அருகிருந்தோரில் ஒருவரேனும் தலையிட்டிருந்தார்; கூட்டம் பெருகப் பெருக உதவி கிடைக்கும் வாய்ப்பும் பெருகிற்று. மனிதனிடம் இரக்கம் வற்றிவிடவில்லை. என்ன செய்வது, யார் முதலில் செய்வது என்று தெரியாததே குறை.

அதே பாதையிலுள்ள கிண்டியிலே, 2024 நவம்பர் 13 அன்று கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் பலமுறை குத்தப்பட்டார். குத்தியவனை அங்கிருந்தோரே பிடித்தனர்; சிகிச்சை உடனே கிடைத்தது; மருத்துவர் பிழைத்தார். பலர் சேர்ந்தால் கத்தி சிறுத்துவிடுகிறது. தனியாகப் பாய்ந்து மடியச் சொல்லவில்லை நாம். கூவி நால்வரைத் திரட்டலாம். தொலைவில் நின்று 112ஐ அழைக்கலாம். ரயிலிலானால் 139 உண்டு. காயம்பட்டவர் அருகே அமர்ந்து இரத்தத்தைத் தடுக்கலாம். இவற்றில் ஒன்றுமே செய்ய இயலாதவர் யார்?

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, வடமொழிப் பெயர் தாங்கிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு, தன் உடலை மட்டுமின்றிப் பிறர் உடலையும் காக்கும் உரிமையை அளிக்கிறது. 37ஆம் பிரிவு அதற்கு வரம்பு கட்டுகிறது: காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. கத்தி கைநழுவி, அவன் பிடிபட்டபின் விழும் ஒவ்வோர் அடியும் தற்காப்பு அன்று, பழிவாங்கல். கொலைவெறியை அடக்க வந்த கூட்டம் கொலைவெறிக்கு ஆளாகுமானால் வென்றது கத்திதான்!

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கத்தியைத் தடுக்கக் கற்பது அவசரத் தேவை. கத்தியைக் கையில் கொடுத்தது எது எனக் கேட்பது நிலையான கடமை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மறுத்து மணந்த இணையர் வெட்டப்பட்டனர், கணவர் மாண்டார். அங்கே அரிவாளைப் பிடித்தது கை. கைக்குள்ளே இருந்தது சாதி. பெண்ணைத் தன் உடைமை எனக் கருதும் ஆணவத்தின் கையிலும் அதே அரிவாள்தான். "நீ ஏன் தற்காப்புக் கற்கவில்லை?" என்று வெட்டுப்பட்டவளைக் கேட்கும் சமுதாயம், "உனக்கு இந்த ஆணவத்தைக் கற்பித்தவர் யார்?" என்று வெட்டியவனைக் கேட்கக் கற்க வேண்டாமா?

ஆகவே பயிற்சிக்கூடம் நடத்தும் தோழர்களுக்கு நமது வேண்டுகோள்: கோல் சுழற்றக் கற்பிக்கும் நாளிலேயே, விலகுவதையும் கூட்டம் திரட்டுவதையும் காயம் கட்டுவதையும் கற்பியுங்கள். ரயில் நிலையத்துக்கு ஒரு பத்துப் பேர், தெருவுக்கு ஒரு பத்துப் பேர் இவ்வாறு பயின்றிருந்தால் போதும். தாக்கப்பட்டவர் தன் உயிரைக் காக்க முதுகைத் திருப்புவதில் இழிவு இல்லை. அவர் குரல் கேட்டும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதே இழிவு. இந்நாளில் புறமுதுகு என்னும் சொல்லுக்குப் பொருள் அதுதான்.