பத்து நிமிஷ வேலை

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக்கடை எங்கள் தெருமுனையில்தான். காலை பதினோரு மணிக்குப் போனேன், வாங்கினேன், வந்தேன். வந்ததும் கூடத்துத் தரையில் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரம் வரை எழவில்லை. “பத்து நிமிஷ வேலைக்கு இப்படிச் சுருண்டு கெடக்கியே, உடம்புக்கு என்னடி?” என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை, பயம்தான். பதில் சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஆட்டிசம் என்பது 36 வயதில்தான் தெரிந்தது. அதுவரை சோம்பேறி, கூச்ச சுபாவம், நாலு பேரோடு பழகத் தெரியாதவள் என்றெல்லாம் பெயர் இருந்தது. நானும் அவற்றை நம்பியிருந்தேன்.

கிளம்பும் முன்பே சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டேன்: “இந்தச் சீட்டுல இருக்கறது, ஒரு மாசத்துக்கு.” செருப்பு மாட்டும்போதும் அதையே சொல்லிப் பார்த்தேன். கடையில் வரிசை கிடையாது. ஏழெட்டுப் பேர் மொய்த்து நிற்கிறார்கள். ஒருவர் தோளுக்கு மேலே இன்னொருவர் சீட்டை நீட்டுகிறார். எந்த நொடியில் குரல் கொடுக்க வேண்டும், எவ்வளவு உரக்க, யாரை முந்தலாம், யாரை முந்தினால் முகம் சுளிப்பார்கள்? இதையெல்லாம் யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. மற்றவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது. நான் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்கிறேன். ரேஷன் கடை எனக்கு எவ்வளவோ மேல். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாலும் எனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று தெரியும். என் முறை வந்தால் விரல் ரேகை வைத்துவிட்டுப் பையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த கடை, அன்பாக நாலு வார்த்தை பேசுகிற கடை என்று அம்மா எங்கே அனுப்புகிறாளோ அங்கேதான் நான் அதிகம் களைத்துப்போகிறேன்.

அப்புறம் சத்தம். பஸ் ஹாரன். பக்கத்து ஓட்டலில் கொத்து பரோட்டா தட்டும் கரண்டி. பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் சிறு பெட்டி. தலைக்கு மேலே பழைய சோக் போட்ட டியூப்லைட். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. திரும்பத் திரும்ப வரும் சத்தத்தைப் பெரும்பாலோரின் மூளை சற்று நேரத்தில் ஒதுக்கிவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஒதுக்கல் மெதுவாகத்தான் நடக்கும். எனக்கு இருபதாவது கரண்டிச் சத்தமும் முதல் சத்தம் போலவே விழுகிறது. 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய மருத்துவர் லியோ கானரே, அந்தக் குழந்தைகள் உரத்த சத்தங்களுக்கு நடுங்கியதைக் குறித்திருக்கிறார். ஆனால் ஐம்புலன்களின் இந்தப் பாடு, ஆட்டிசத்தை இன்று கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பெற்றது 2013இல்தான். 70 வருஷம். அந்த 70 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் பிடிவாதக்காரர்கள் என்று அடி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறமாட்டேன் என்கிறது.

ஒருவழியாக என் முறை வந்தது. “அந்தக் கம்பெனி இல்லம்மா, அதே மருந்து வேற கம்பெனில இருக்கு, தரவா?”

தயார் செய்து வந்த வாக்கியத்தில் இதற்கு இடமே இல்லை. டைனா மர்ரே, மைக் லெஸர், வென் லாசன் ஆகிய மூவரும் 2005இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒரே தடத்தில் ஆழமாக ஓடுவது, சட்டென்று தடம் மாற்றினால் திணறிவிடும் என்று சொல்கிறது. படித்தபோது யாரோ என் அருகில் உட்கார்ந்து பார்த்து எழுதியது போலிருந்தது. நிறம் மாறினால் அப்பா மாத்திரை போடமாட்டாரே, டாக்டரைக் கேட்க வேண்டுமா, பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுகிறாரே... இத்தனைக்கும் நடுவில் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். திரும்பும் வழியில் எதிர்வீட்டு அத்தை, “என்ன, கடைக்கா?” என்றாள். அது விசாரிப்பு, கேள்வி அல்ல என்று இப்போது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் நொடியில் பதிலைத் தேடத்தான் செய்கிறேன்.

பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். இருபது வருஷம் பழகினேன். களைப்பு குறையவில்லை, அதை மறைக்கும் திறமைதான் வளர்ந்தது. அதனால்தான் கடையில் என்னைப் பார்த்த யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இதே இடத்தில் இதே வலி என்றும் இல்லை. கூட்டத்தை ரசிப்பவர்களும் உண்டு, வாசற்படி தாண்டவே முடியாதவர்களும் உண்டு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்பதாவது இப்போது பலருக்குப் புரிகிறது. எனக்கு வேண்டிய சாய்தளம் ஒரு வரிசை. முன்கூட்டியே ஒரு தகவல். இப்போது மாத்திரைச் சீட்டை முதல் நாள் இரவே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறேன். கம்பெனி மாறினால் கடைக்காரரும் அதிலேயே சொல்லிவிடுகிறார். காலையில் அப்பா பெயர் எழுதிய பொட்டலம் தயாராக இருக்கிறது.

அம்மா, பேங்க்கில் ஆதார் நகல் கொடுக்கிற வேலை பாக்கி இருக்கிறதல்லவா, அதை வியாழக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். அன்றைக்கு வேறு எதுவும் வாங்கிவரச் சொல்லாதே. நான் திரும்பி வந்ததும் கூடத்து டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடு.