கொல்லைவரை நடப்பது

பக்கவாதம் வந்த ஒருவரை மருத்துவமனை காப்பாற்றி அனுப்பிவிடுகிறது. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரின் கிளைக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் அவர் திருநள்ளாறிலோ நெடுங்காட்டிலோ தன் வீட்டுக் கட்டிலுக்குத் திரும்பிய பிறகு நடப்பதுதான் அவருடைய மிச்ச வாழ்நாளைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்கே வந்து செய்யும் மருத்துவச் சேவையை மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். நோயாளி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்படி செய்வதே அதன் முதல் வேலை என்பது என் கருத்து. 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் ஓர் அளவுகோல் வகுத்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது ஆகிய ஆறில் எத்தனையை ஒருவர் பிறர் துணையின்றிச் செய்கிறார் என்று அது பார்க்கிறது. மருந்துச்சீட்டில் இந்த ஆறும் இருப்பதில்லை. ஆனால் ஒரு மனிதரின் மானம் இவற்றில்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் இதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் அன்புதான். "நீங்க படுங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிச் சோற்றை ஊட்டிவிடுகிறோம். உடம்பு அந்த அன்பைப் புரிந்துகொள்வதில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களையே பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் அமெரிக்காவில் வெளியானது; கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. மனத்தின் கதையும் இதுதான். எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு 1976-இல் வந்தது. தம் காரியங்களைத் தாமே முடிவுசெய்து, ஒரு செடியையும் தாமே வளர்த்தவர்கள், எல்லாவற்றையும் ஊழியர்களே செய்துகொடுக்க விட்டவர்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் புறந்தள்ள முடியாதது.

தானே நடக்க விட்டால் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வாரே என்பார்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் பயிற்சி பெற்றவர் வீட்டுக்கு வரவேண்டும் என்கிறேன். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படியும் உயரத்தில் கட்டில் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். கால்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னே நன்றாகக் குனிந்து, பிறகு எழச் சொல்லித் தருவார். கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகும் வழியில் தடுக்கும் நிலைப்படியையும், கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டிய சுவரையும் காட்டுவார். இவற்றில் பலவற்றை மருத்துவமனை வார்டில் இருந்துகொண்டு யாரும் செய்ய முடியாது. பிள்ளைகள் இருக்கும்போது வெளியார் எதற்கு என்றும் கேட்பார்கள். காரைக்காலில் பல வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். இங்கேயே இருப்பவர்களின் வீட்டிலும் முழுச் சுமையும் ஒரு மகள்மேலோ மருமகள்மேலோ விழுகிறது. நோயாளி தானே எழுந்தால் அந்தப் பெண்ணுக்கும் விடுதலை.

செலவு கட்டுமா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். அது தமிழ்நாட்டுத் திட்டம். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்தால் புதுச்சேரி அரசின் எல்லை; காரைக்கால் அதற்குள் இருப்பதால் அத்திட்டம் இங்கே வராது. கேரளம் 2008-லேயே நோய்த்தணிப்புக்கென்று கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாகச் செவிலியரை வீடுகளுக்கு அனுப்பிவருகிறது. புதுச்சேரியின் மாஹே அந்தக் கேரளத்தின் நடுவில் இருக்கிறது, காரைக்கால் தமிழ்நாட்டின் நடுவில். இரண்டு பக்கத்து அனுபவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அரசு இது. கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவு ஒன்றுக்கு ஒரு செவிலியரையும் ஓர் இயன்முறை மருத்துவரையும் வீட்டுச் சேவைக்கென்றே அமர்த்த வேண்டும். எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்பதோடு, எத்தனை பேர் தாமே கழிப்பறைக்கு நடந்து போகிறார்கள் என்ற கணக்கையும் அவர்களிடம் கேட்க வேண்டும்.