ஆமைக்கறி நமக்கு ஆகாது, ஆமையின் உயிர்?

 

கடல் ஆமைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதை நாம் தொடுவதே இல்லையே ஹஜ்ரத், நமக்கு ஆகாதே" என்று உடனே பதில் வருகிறது. உண்மைதான். நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஆமைக்கறி உண்பதில்லை. ஆனால் உண்ணவில்லை என்பதோடு நம் கணக்கு தீர்ந்துவிடுமா?

இதற்குப் பதில் தேடும் முன் ஓர் இரவு குடும்பத்தோடு சென்னைக் கடற்கரைக்குப் போய் வாருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் அதிகமாகக் கரையேறும் காலம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே, மாணவர் கடல் ஆமை பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். சில இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. (தூக்கம் கெடுமே என்பவர்கள், கல்யாண வீடுகளில் நாம் எத்தனை மணி வரை விழித்திருக்கிறோம் என்று யோசிக்கலாம்.) ஆமையைக் காணாமலே திரும்பவும் நேரலாம். அதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தாய் ஆமை பின் துடுப்புகளால் மணலைத் தோண்டி, நூறு முட்டைகள் அளவுக்கு இடுகிறது. குழியை மூடித் தன் உடலாலேயே மணலை அழுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று அவை ஓடும். நம் தெருவிளக்கும் கடற்கரை வீட்டு விளக்கும் அவற்றை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடுகின்றன. அதனால்தான் முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள்.

"அத்தா, அந்தத் தாய் திரும்பி வந்து பார்க்காதா?" என்று உங்கள் பிள்ளை கேட்கும். வராது. அப்போது அபூதாவூதில் பதிவான சம்பவத்தைச் சொல்லுங்கள். பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். அந்தப் பறவை வந்து முறையிட்டது. ஆமைத் தாய்க்கு அதுவும் இல்லை. முறையிட ஆள் இல்லாத அமானிதத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

இனி அந்தப் பெரியவர்களின் பதிலுக்கு வருவோம். 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடியில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஆமை தப்பிக்க வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது.

மீனவர் மேல் மட்டும் பழிபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டீசல் செலவும் கடனும் அவர் தலைமேல். மலிவாக இறாலும் மீனும் கேட்பது நாம். அந்த மீன் ஹராம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஹலாலான தட்டுக்குப் பின்னால் ஓர் உயிர் வீணாகச் செத்திருந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்கும் "தெரிந்துகொள்ள விரும்பவில்லை" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதை அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்புகிறோம். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். இது எந்தப் படகில் வந்தது, எந்த வலையில் பிடித்தது என்று அவன் முன்னாலேயே கேளுங்கள். மீன்காரம்மா சிரித்தாலும் பரவாயில்லை, அடுத்த வாரமும் கேளுங்கள்.