இருபத்தாறாவது வரி

வாஷிங்டனில் ஜூன் மாதம். அறக்கட்டளைகளையும் தொண்டு நிறுவனங்களையும் கண்காணிக்கும் ஓர் அமைப்பில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி. நீளமான அறையின் கடைசி மேசை எனக்கு. பேச்சுச் சத்தம் குறைவு. எல்லோரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

•

முதல் வாரம் முழுக்கப் படிவம் 990. வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்களில் பல ஆண்டுதோறும் அமெரிக்க வருமானவரித் துறையிடம் ஒப்படைக்கும் கணக்கு. யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். செலவுப் பக்கத்தில் மூன்று பத்திகள்: தொண்டுப் பணிக்கு, நிர்வாகத்துக்கு, நன்கொடை திரட்டுவதற்கு. ஒரு டாலர் எந்தப் பத்தியில் போய் உட்காருகிறது என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது.

•

அந்தப் பக்கத்தின் 26ஆவது வரி எனக்குத் தெரியாமலே இருந்தது. நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில் மக்களுக்குப் பயன்படும் தகவலும் செய்யச் சொல்லும் ஒரு காரியமும் இருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அச்சுக்கும் தபாலுக்கும் ஆனதில் ஒரு பங்கைத் தொண்டுப் பணி என்றே எழுதிக்கொள்ளக் கணக்கியல் விதி இடம் தருகிறது. அப்படிப் பிரித்த தொகை அந்த வரியில் வரும்.

ஒரு நிறுவனத்தின் படிவத்தில் அது பெரிய தொகை. எனக்கு வேலை கற்றுத்தரும் அம்மையார் எட்டிப் பார்த்துவிட்டு, “எண்ணைப் பார்த்தது போதும், கடிதத்தை எடுத்துப் படியுங்கள்” என்றார்.

நான்கு பக்கக் கடிதம். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் நோயின் அறிகுறிகள் ஐந்தாறு. மற்ற இடமெல்லாம் உதவி கேட்டுத்தான். தனியாக வாழும் ஒரு முதியவர் இதைச் சமையலறை மேசையில் வைத்துப் படிப்பதை நினைத்துக்கொண்டேன். நோயாளிக்கு மருந்து போகும் என்று நம்பி 25 டாலருக்குக் காசோலை எழுதுகிறார். அதில் ஒரு பகுதி அடுத்த வீட்டுக்குப் போகும் இதே கடிதத்தின் தபால் தலையாகிறது. விதி எதுவும் மீறப்படவில்லை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

•

அறக்கட்டளை என்ற சொல்லை இத்தனை நாள் கவனிக்காமலே சொல்லியிருக்கிறேன். அதற்குள் கட்டளை இருக்கிறது. கொடுத்தவர் இட்ட கட்டளை. கொடுத்தவர் போன பிறகும் நிற்பது. இங்கே அரசும் ஒரு கட்டளை இட்டது. 1969இன் வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கொடுத்தே தீரவேண்டும். இன்று அது முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் அளவுக்கு. நியாயமான நிர்வாகச் செலவையும் அதிலேயே சேர்த்துக் காட்டலாம்.

பணத்தைப் போட்டுவைத்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று பிறகு நன்கொடையாளர் யோசனை சொல்லும் நிதிகளுக்கு அந்த 5 சதவீதமும் கிடையாது. பணம் உள்ளே போன ஆண்டிலேயே கொடுத்தவர் வரிச்சலுகை கோரலாம். பசித்தவர் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இது தவறு என்றே நினைக்கிறேன். அறிக்கையில் இப்படி எழுத முடியாது, இங்கே எழுதிவைக்கிறேன்.

•

ஜூலை. ஒரு சிற்றூரில் உணவுப் பொருள் வழங்கும் சிறிய அமைப்பு. யாருக்கும் சம்பளம் இல்லை. ஆனால் நிர்வாகப் பத்தியில் முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்கு. ‘நிர்வாகச் செலவு மிகை’ என்று என் வரைவில் எழுதியிருந்தேன்.

அம்மையார் அந்த வரியின் மேல் பென்சிலை வைத்தார். “அவர்களிடம் கேட்டீர்களா?”

கேட்கவில்லை. பெரிய நிறுவனத்தின் கடிதத்தை நான்கு முறை படித்த நான், இவர்களைத் தொலைபேசியில்கூட அழைக்கவில்லை.

அழைத்தேன். பொருளாளர் வயதானவர், தன்னார்வலர். என் பெயரையும் எங்கள் அமைப்பையும் சொன்னதும் கொஞ்சம் பயந்துவிட்டார் என்று குரலில் தெரிந்தது. பிறகு சொன்னார்: குளிரறை பழுதாகிவிட்டது, புதிதாக வாங்கவேண்டி வந்தது, எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல் அங்கே எழுதிவிட்டேன்.

“ரசீது இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், எடுத்து வருகிறேன்” என்றார்.

தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம். இழுப்பறை திறக்கும் சத்தம். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவது கேட்டது. பொறுத்திருந்தேன்.