அமாவாசைக்கு அவ்வளவு சக்தி இருக்கா?

 

போன தை அமாவாசை காலையில எங்க கூடலூர் வீட்டு வாசல்ல குங்குமம் தடவின எலுமிச்சம்பழம் கிடந்துச்சு. "செய்வினைதான்டா, நிறைஞ்ச அமாவாசையில வச்சா பலிக்கும்"னு அம்மா பயந்துட்டாங்க. கடைக்கும் வண்டிக்கும் திருஷ்டி சுத்திப் போட்ட பழங்கள் அன்னிக்குத் தெருவெல்லாம் கிடக்கும். அதுல ஒண்ணா இருக்கலாம்னு யாருக்கும் தோணல. சாயங்காலத்துக்குள்ள சந்தேகம் சித்தி மேல வந்து நின்னுச்சு. நாலு மாசம் பேச்சே இல்லை.

நிலவுக்கு அப்படி ஒரு சக்தி இருக்கா? "கடலையே இழுக்குது, உடம்புலயும் தண்ணிதானே"ன்னு ஃபார்வர்ட் வரும். கடல் பொங்குறது அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடக்கிறதால. நம்ம ஊருக்கு மேல இருக்கிற பெரியாறு ஏரியிலயே அமாவாசைக்கு அலை ஏறுறதைப் பார்க்க முடியாது. அஞ்சரை அடி உடம்புக்கு என்ன ஆகப்போகுது? அதோட, அமாவாசை, பௌர்ணமி ரெண்டுக்குமே கடல் பெரிசாத்தான் பொங்கும். அப்புறம் ஒண்ணு கெட்ட சக்தி, இன்னொண்ணு நல்ல சக்தின்னு எப்படிப் பிரிக்கிறது?

முழுசா மறுக்கவும் மாட்டேன். அர்ஜென்டினா கிராமங்களிலும் அமெரிக்காவின் சியாட்டில் மாணவர்களிடமும் பார்த்து, பௌர்ணமிக்கு முந்தைய சில ராத்திரிகளில் தூக்கம் குறையுதுன்னு 2021ல ஓர் ஆய்வு வெளியாச்சு. தூக்கம் குறைஞ்சா மனசு சோர்வாகும், சரி. ஆனா அது சித்தி வச்ச சூனியம் இல்லை.

நம்ம பெரியவங்க நிலவை நாள் குறிக்கத்தான் வச்சிருந்தாங்க. அமாவாசைன்னா சுருளியில முன்னோருக்குத் தர்ப்பணம். சித்ரா பௌர்ணமின்னா மங்கலதேவி கண்ணகி கோயில். பளியங்குடியிலிருந்து காலையில ஏறி, பொழுது சாயும் முன்னாடி இறங்கிடணும். பௌர்ணமித் திருவிழாதான், ஆனா அங்க நிலா வர்றதுக்குள்ள நாம கீழே வந்துடுறோம்! கந்த சஷ்டி அமாவாசை முடிஞ்சு ஆறாம் நாள். பாதிகூட வளராத பிறையிலதான் சூரசம்ஹாரம். முருகன் முழு நிலவுக்காகக் காத்திருக்கலையே!

"கந்த சஷ்டி கவசத்துலயே பில்லி சூனியம் வருதே?"ன்னு கேப்பீங்க. வருதுதான். அந்தப் பயம் மனுஷனுக்கு உண்டுன்னு தேவராய சுவாமிகளுக்குத் தெரியும். அங்க நாம காப்பாத்துன்னு கேக்குறோம். யார் வச்சதுன்னு துப்பு கேக்கலை. காவலை அவன்கிட்ட ஒப்படைச்ச பிறகும் சொந்தக்காரங்க மேல சந்தேகப்பட்டா, நாம எதை நம்புறோம்? நிஜமாவே எதிர்த்து நின்ன சூரனையே மயிலாவும் சேவலாவும் கூட வச்சுக்கிட்டவன் அவன்.

வைகாசி விசாகத்தன்னிக்கு விபூதியோட சித்தி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்காகவாடா நாலு மாசம் பேசல?"ன்னு அழுதுட்டாங்க. எனக்குப் பதில் இல்லை. அம்மா இன்னும் போகலை. வர்ற சஷ்டிக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

உங்க வீட்லயும் இப்படி நின்னுபோன பேச்சு இருந்தா, அடுத்த பௌர்ணமி வரை காத்திருக்காதீங்க. இன்னிக்கே ஒரு போன் பண்ணுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!