புதைபொருளும் அதன் இடமும்: ஓர் அறவினா

மண்ணுள் மறைந்த பொருள் எவருக்கு உரியது என்னும் வினா பழமையானது. நந்தர் கங்கைநீரின் அடியில் மறைத்த நிதியத்தை மாமூலனார் அகநானூற்றில் (265) சுட்டுகின்றார். பொருள்தேடிப் பிரிந்த தலைவனை எண்ணி வருந்துமிடத்து, எளிதில் எய்தற்கரிய செல்வத்தின் அளவையாக அது நிற்கின்றது. மறைத்தவர் மட்டுமே அறிவர், பிறர் அறியார் என்பதே அன்றைய புதையலின் இயல்பு எனலாம். மெட்டல் டிடெக்டர் என வழங்கும் உலோகம் கண்டறியும் கருவி இவ்வியல்பை மாற்றிவிட்டது. இன்று கருவியைக் கையில் ஏந்தி வயலில் நடக்கும் எவருக்கும் மண் தன் மறைபொருளை ஒலியால் அறிவிக்கின்றது.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு கண்டுபிடிப்புகள் ஈண்டு ஒப்பிடத்தக்கன. இரண்டும் பொ.ஆ. 9ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் புதைக்கப்பட்டவை; இரண்டையும் கண்டவர்கள் பொழுதுபோக்காக இக்கருவியைப் பயன்படுத்தியவர்களே. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள வாட்லிங்டன் அருகே புதையலைக் கண்டவர் உரிய அலுவலர்க்குத் தெரிவித்தார். தொல்லியலாளர் அதனைச் சூழ்ந்த மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்த்தெடுத்து, ஆய்வகத்தில் பிரித்தனர். ஹெரெஃபோர்ட்ஷயரில் கண்ட இருவரோ மறைத்து விற்கத் தலைப்பட்டனர். 2019இல் சிறைத்தண்டனை பெற்றனர். அங்கிருந்த காசுகள் முந்நூறு அளவின எனக் கணிக்கப்பட்டது. அத்தீர்ப்பு வரை மீட்கப்பட்டிருந்தவை அவற்றுள் பத்தில் ஒரு பங்களவே.

இழப்பு வெள்ளியின் மதிப்பு மட்டுமன்று. இவ்விரு புதையல்களிலும் வெசெக்ஸ் வேந்தன் ஆல்ஃபிரட், மெர்சியா வேந்தன் சேயோல்வுல்ஃப் ஆகிய இருவர் பெயராலும் வெளியிடப்பெற்ற காசுகள் உள்ளன. வெசெக்ஸ் சார்புடைய வரலாற்றேடு சேயோல்வுல்ஃபை டேனியரின் கைப்பாவையாகக் காட்டிற்று. காசுகளோ இருவரும் இணையான நட்பரசராய் இருந்தமையை உணர்த்துகின்றன. வென்றோர் எழுதிய ஏட்டைத் திருத்தவல்ல சான்றின் பெரும்பகுதி இன்று எங்குள்ளது என அறியக்கூடவில்லை. ஆகவே, அவ்விருவர் செய்த தவறு திருட்டு என்பதோடு முடியவில்லை. தோண்டியவர் நில உரிமையாளராகவே இருந்திருப்பினும் இவ்விழப்பு நேர்ந்திருக்கும்.

நம் நாட்டின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. பொருளின் மதிப்போடு கண்ட இடத்தையும் நாளையும் குறிக்கச் சொல்வது அதன் சிறப்பு. ஆயினும் அடுத்து வருவன பெரும்பாலும் பங்கீடு பற்றியனவே: உடன்பாடு இல்லாதவிடத்துக் கண்டவர்க்கு நான்கில் மூன்று பங்கு, எஞ்சியது நில உரிமையாளர்க்கு. புதைத்தவன் யார், எந்த அச்சத்தால் புதைத்தான் என்பதைப் பங்கீட்டால் அறிய இயலாது.

இனி நம் ஆய்வுலகை நோக்குவோம். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை காசுகள் சேரர் வரலாற்றுக்குக் கிடைத்த அரிய சான்றுகள். இங்குக் கருவி இல்லை. மணலை அரித்தெடுப்போர் கைகளே இருந்தன. காசுகள் வணிகர் வழியே சேகரிப்பாளரை அடைந்தன. அகழாய்வு அடுக்கு இன்மையால் அவற்றின் காலத்தை எழுத்தமைதியும் உருவமைதியும் கொண்டே கணிக்க வேண்டியுள்ளது. அவ்வெழுத்தின் காலமோ விவாதத்திற்குரியது. அரித்தெடுத்தவரைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. அவர் எடுத்திராவிடில் அக்காசுகள் மணலோடு போயிருக்கும், அல்லது வெள்ளியாய் உருகியிருக்கும். வாங்கியவர் வாங்கியிராவிடில் 'மாக்கோதை' என்னும் பெயரையே நாம் படித்திருக்க மாட்டோம்.

எனினும் ஆய்வாளர் அச்சங்கிலியின் இறுதிக் கண்ணியாக உள்ளனர் என்பதை மறுத்தற்கில்லை. இடமறியாக் காசுக்கு ஆய்வுக்கட்டுரை மதிப்பைத் தருகிறது. அம்மதிப்பு சந்தையில் விலையாகிறது. விலை மீண்டும் ஒருவரை ஆற்றுக்கு அனுப்புகிறது. அவருக்குக் காசுக்குப் பணம் கிடைக்கிறது. எந்த வளைவில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று சொன்னதற்கு எதுவும் கிடைப்பதில்லை. பெரும்பாலும் அவரிடம் எவரும் கேட்பதுமில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் காசுகளுக்கென ஓர் அட்டவணை உண்டு. 'கிடைத்த இடம்' என்னும் கட்டத்தில் பதினொரு வரிகளிலும் 'கரூர், ஆற்றுப்படுகை' என்றே எழுதினேன். வாய்மொழித் தேர்விலும் அக்கட்டத்தைப் பற்றி எவரும் வினவவில்லை.