ரத்தத்தில் இருப்பது

குள்ளஞ்சாவடி டீக்கடை. யாரோ ஒரு பையன் திருடி மாட்டிக்கொண்ட சேதி. 'அவங்கப்பனும் அப்படித்தான். ரத்தத்துலயே ஊறினது சார், மாறாது' என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார் ஒரு பெரியவர்.

சரி, ரத்தத்தையே கேட்டுப் பார்ப்போமா?

கிருமிகளை எதிர்க்கும் ஆன்ட்டிபாடிகளைத் தயாரிப்பது ரத்தத்தில் இருக்கும் பி செல்கள். அதற்கான ஜீன் உங்கள் தோலிலும் ஈரலிலும்கூட இருக்கிறது. ஆனால், அங்கே சும்மா கிடக்கிறது. நெய்வேலி கரன்ட் எல்லா அறைக்கும் வந்தாலும், ஸ்விட்ச் போட்ட அறையில்தானே பல்பு எரியும்? ஜீனுக்கு 'என்ஹான்ஸர்' என்கிற டி.என்.ஏ. துண்டுதான் ஸ்விட்ச். அதை அமுக்க, சில புரதங்கள் வந்து உட்கார வேண்டும்.

அப்படி ஒரு புரதத்தை 1986-ல் அமெரிக்காவில் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தார்கள். பெயர், என்.எஃப். கப்பா பி. பி செல்லின் தனிச்சொத்து என்றுதான் முதலில் தோன்றியது. அதே வருடம் குட்டு உடைந்தது. மற்ற செல்களிலும் அது உண்டு. கட்டிப் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து தகுந்த சேதி வந்தால் கட்டு அவிழ்கிறது. அவிழ்ந்தபடியே கிடந்தாலும் ஆபத்து. சில ரத்தப் புற்றுநோய்களில் நடப்பது அதுதான்.

செல்லுக்கு மனசாட்சி கிடையாது, மனுஷனுக்கு உண்டு. அதனால் திருடியவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆனால், இருப்பது வேறு, இயங்குவது வேறு. அப்பன் தந்தது ரத்தம். அந்தப் பையனுக்கு நாம் அனுப்பிய சேதி என்ன?

பெரியவரிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.